மஞ்சள் நெருப்பு

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று புரிந்து, அவள் இன்னும் அவர் தோளிலிருந்து கையை எடுக்கக்கூட இல்லை. அதற்குள் அவள் கணவன் வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துகொண்டிருந்தான். சமையலறை ஜன்னல், கூடத்து ஜன்னல், மாடிப்படி ஜன்னல் என்று ஒன்றையும் விடவில்லை. குளிர்காலம் முழுக்க மூடியே கிடந்து இறுகிப்போன பின்கதவைத் தோளால் இரண்டு முட்டு முட்டித் திறந்தான். பனி ஈரத்தோடு காற்று உள்ளே பாய்ந்து மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டைகளைத் தரையில் தள்ளியது.

"என்னங்க செய்றீங்க? மூடுங்க, அப்பாவுக்குக் குளிரும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அவன் அவள் கையைப் பிடித்து எழுப்பிப் பின்கதவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான். "இங்கயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் உள்ள வராத." அதோடு சரி. வேலைப்பையைத் திறந்து வாயு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் பாய்லருக்கு முன்னால் மண்டியிட்டான். டார்ச்சை அடித்து பர்னரின் பக்கவாட்டில் எதையோ வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு எரிவாயுவை அடைத்தான்.

அவள் செருப்பில்லாமல் படியில் நின்றாள். கால் விறைத்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. பெண்டாட்டியின் அப்பா செத்து உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தை ஒரு தரம் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பாய்லருக்கு நாடி பிடிக்கிறான். கடைசி நாளில்கூடவா இந்தச் சண்டை என்று நினைத்தாள்.

சண்டை பழைய சண்டை. அப்பா ரொட்டிக் கடையில் அடுப்புக்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற வருஷம் வீட்டுக்குச் சூடேற்ற அந்தப் பாய்லரை வாங்கி, சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்தார். அவர் வீடு, அவர் பாய்லர். அவள் கணவன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. தொழிலோ பாய்லர் பர்னர் சரிசெய்வது. சலவை ஆலை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று ஊரிலிருக்கிற நெருப்பெல்லாம் அவன் பேச்சைக் கேட்டது, இந்த ஒன்றைத் தவிர.

அப்பாவுக்கு மஞ்சள் நெருப்பு வேண்டும். பர்னரில் காற்று நுழைகிற தகட்டைக் கொஞ்சம் மூடினால் நீல நெருப்பு மஞ்சளாகி நாக்கை நீட்டி ஆடும். பாய்லரில் எட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பார். நெருப்புன்னா நெருப்பு மாதிரி இருக்கணும், நீலமா எரியறதுல சூடு எங்கே இருக்கு என்பார். காற்று குறைந்தால் வாயு முழுசாக எரியாது, கரி பிடிக்கும், வாசனையே இல்லாத விஷவாயு கிளம்பும், தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார் என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். அப்பா அதையெல்லாம் மரியாதையோடு கேட்டுக்கொள்வார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் ஆள் அவர். "நீங்க படிச்சவங்க மாப்பிள்ளை, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவன் தகட்டைச் சரிசெய்து, மீட்டரைப் புகைக்குழாயில் செருகி, எண் சரியாக வந்ததும் சிவப்புப் பெயின்டால் ஸ்க்ரூவின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவான். அடுத்த ஞாயிறு பார்த்தால் கோடு ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். அப்பா வெண்ணெய்க் கத்தியால் திருகியிருப்பார். விஷவாயு வந்தால் கத்துகிற அலாரத்தை வாங்கிச் சுவரில் மாட்டினான். அதன் பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நடுவில் மத்தளம் மாதிரி இவள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று, வருகிறவர்களின் மூக்கில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்பார்கள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நீலமா மஞ்சளா என்கிற பஞ்சாயத்து.

முந்தின நாள் சாயந்திரமும் அதேதான். அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி இரண்டு வருஷமாயிற்று. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவார். கால் இரண்டும் வீங்கி, எதைப் போர்த்தினாலும் குளிர்கிறது குளிர்கிறது என்பார். நேற்றுக் குளிர் அதிகமாயிருந்தது. மஞ்சளா வச்சுக் குடுக்கச் சொல்லும்மா என்று அவளைப் பிடித்துக்கொண்டார். முடியவே முடியாது என்று இவன். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லி, பதிலை வாங்கி வந்து, இடையில் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்து, அவளுக்குத் தலை வெடித்தது. "அவர் கேக்கற மாதிரியே வச்சுத் தொலைச்சுடுங்களேன். ஒரு நாளைக்கு. எனக்கு உங்க ரெண்டு பேரையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாக்கியம் அவளுக்கு இப்போதுதான், பின்படியில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திறந்த ஜன்னல்களைப் பார்த்தாள். மண்டியிட்டிருந்த அவன் முதுகைப் பார்த்தாள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது அப்போது விளங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பக்கத்துத் தெருதான், சீக்கிரம் வந்துவிட்டார். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக மருந்து எழுதிக் கொடுத்தவர். திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துக் கோட்டைக் கழற்றாமலே சோதித்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்க வேண்டியதில்லை என்றாலும் பழக்கதோஷத்தில் வைத்தார். கால் வீக்கத்தை விரலால் அழுத்தினார். இதயம்தான், எப்போது வேண்டுமானாலும் நடக்கும் என்று நான் சொல்லியிருந்தேனே, தூக்கத்திலேயே போயிருக்கிறார், கஷ்டப்படவில்லை என்றார்.

அவள் கணவன் விடவில்லை. பாய்லரைக் காட்டினான், பேட்டரி இல்லாத அலாரத்தைக் காட்டினான். வாயுவாக இருக்கலாம், நன்றாகப் பாருங்கள் என்றான்.

டாக்டரம்மா அப்பாவின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நகத்தைப் பாருங்க, உதட்டைப் பாருங்க. நீலம் பாஞ்சிருக்கு. நீங்க பயப்படற மாதிரி இருந்தா, பொதுவா ரோஸ் நிறமா இருக்கும்."

"கண்ணால பாத்துச் சொல்றீங்க டாக்டர்."

"வேற எதால பாக்கச் சொல்றீங்க?"

அப்பா இருந்திருந்தால் இந்தப் பதிலுக்குத் தொடையைத் தட்டியிருப்பார். அவள் கணவன் மீட்டரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். ஜன்னலைத் திறந்த பிறகு மீட்டரில் என்ன தெரியும், திறந்திருக்கக் கூடாது, ஆனால் திறக்காமல் எப்படி இருப்பது, நீ உள்ளே இருந்தாயே என்று தனக்குத்தானே பேசுகிற மாதிரி முணுமுணுத்தான். அப்புறம், வீட்டை மூடிவிட்டு ராத்திரி எரிந்த மாதிரியே பாய்லரை எரியவிட்டுப் பார்க்கிறேன், அது வரைக்கும் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொண்டான். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்கிற இப்படி ஒரு மனிதனை டாக்டரம்மா அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்து சேர்ந்தான்.

அண்ணன் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிறான். போனில்தான் அவனுக்குப் பாசம் பொங்கும். மாதத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கீரை குடு, அப்பாவை நடக்க வை, அப்பாவிடம் எரிந்து விழாதே என்று உபதேசம் செய்வான். வாசலில் நின்ற அக்கம்பக்கத்தாரிடம் துக்கத்தை வாங்கிக்கொண்டு, காதில் போனோடு உள்ளே வந்தவன், அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். கண்ணைத் துடைத்தான். பிறகு திறந்த ஜன்னல், மீட்டர், டாக்டரம்மாவின் முகம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தான்.

"கேஸா?" என்றான்.

பாய்லர் பக்கம் கையைக் காட்டினான்.

"எனக்கு அப்பவே தெரியும். எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நான் எத்தனை தரம் சொன்னேன்." ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. "மாப்ளே, இதுல கடைசியாக் கை வச்சது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் மச்சான்" என்றான் அவள் கணவன். "நேத்துச் சாயந்திரம். நான்தான்."

அண்ணன் குரல் ஏறியது. இதே தொழில் பண்ற ஆளு, வீட்டுல இருக்கறதைப் பாத்துக்கத் தெரியலையா, ஊருக்கெல்லாம் போய் என்ன கிழிக்கிறீங்க என்று ஆரம்பித்தான். அவன் பேசி முடிக்கட்டும் என்று அவள் கணவன் காத்திருந்தான். முடித்ததும், கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே இருக்க வேண்டும், வீட்டை மூடப் போகிறேன் என்று அமைதியாகச் சொன்னான்.

"நான் போகமாட்டேன்" என்றாள் அவள்.

"நீயும் போகணும். விளையாட்டு இல்ல."

"அப்பாவைத் தனியா விட்டுட்டு நான் போகமாட்டேன். உங்க கையில மீட்டர் இருக்கில்ல? ஏறிச்சுன்னா சொல்லுங்க, ஓடலாம்."

ஒரு கணம் அவளை முறைத்தான். அப்புறம் போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினான். டாக்டரம்மாவும் அண்ணனும் வாசலுக்குப் போனார்கள். கதவு சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கியது. அவன் எரிவாயுவைத் திறந்து பற்றவைத்தான். டப் என்று ஒரு சத்தம், பிறகு சீரான இரைச்சல். குளிர்ந்து கிடந்த குழாய்கள் டிக் டிக் என்று நிமிர்ந்தன. மீட்டரை அப்பாவின் மூக்கு இருக்கிற உயரத்துக்கு ஒரு ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் அப்பாவின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீட்டரில் பூஜ்யம். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பூஜ்யம்.

"நான் சொல்லித்தானே வச்சீங்க" என்றாள். "அண்ணன்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ எங்கிட்ட சொன்னே. பர்னர்கிட்டயா சொன்னே? கை என் கை."

கூடத்து ஜன்னலை யாரோ தட்டினார்கள். அண்ணன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை விரித்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான். அவள் திரும்பிக்கொண்டாள். அவன் மறுபடி தட்டினான். எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது கணவன் பாய்லரின் கண்ணாடியைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான்.

"நான் தகட்டைத் தொடலை."

"என்னது?"

"மஞ்சளா வச்சேன். ஆனா தகட்டைத் தொடலை." தொண்டையைச் செருமினான். "உப்பு."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் எரிச்சலோடு, அவளுக்கு என்னவோ ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல விளக்கினான். உப்புத் தண்ணி பொங்கி அடுப்பில் வழிந்தால் நெருப்பு மஞ்சளாக எரியும் இல்லையா, அது காற்றுக் குறைச்சல் இல்லை, வெறும் உப்பு. அப்பா பாத்ரூம் போயிருந்தபோது சமையலறையிலிருந்து கல்லுப்பை எடுத்து, நனைத்து, கம்பி வலையில் சுருட்டி, நெருப்பின் ஓரத்தில் தொங்கவிட்டிருக்கிறான். காற்று அளவு காற்று, வாயு அளவு வாயு. ஒரு மயிரிழை மாறவில்லை. நிறம் மட்டும் மஞ்சள். பர்னருக்கு நல்லதில்லைதான், துருப்பிடிக்கும். ஒரு ராத்திரிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று செய்தானாம். பையிலிருந்து அந்த வலையை எடுத்துக் காட்டினான். கருகி, வெள்ளை பூத்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது. காலையில் எரிவாயுவை அடைத்த கையோடு கழற்றிப் பையில் போட்டிருக்கிறான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்கு இத்தனை கூத்து? தொடலைன்னா தொடலைன்னு சொல்லவேண்டியதுதானே? காலையிலேருந்து உயிரை எடுக்கறீங்க."

"நான் தொடலை. அவர் தொட்டிருந்தா?" என்றான். "மஞ்சளைப் பாத்ததும் இன்னும் கொஞ்சம் மஞ்சளா வச்சா என்னன்னு கத்தியைத் தூக்கியிருந்தா? உப்பு தீந்து நீலமாயிட்டதும் திருகியிருந்தா? பேட்டரியும் இல்ல. தைரியம் குடுத்தவன் நான்தானே."

"திருகியிருந்தாரா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று. "பெயின்டுக் கோடு அப்படியே இருக்கு. காலையிலேயே பாத்துட்டேன். ஆனா பாத்தது கண்ணுதானே. என்னால கண்ணை நம்ப முடியலை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவர் கை வைக்காத ராத்திரி இது ஒண்ணுதான்."

வெளியே அண்ணன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. ஆமா, ஆமா, கேஸ்னுதான் நினைக்கிறோம்.

"பாத்துட்டு என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்டாள்.

"யாரு?"

"அப்பா. மஞ்சளைப் பாத்துட்டு."

அவன் நாற்காலியிலிருந்தவரை ஒரு பார்வை பார்த்தான், அவர் எதிரில் சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி.

"'இப்பத்தான் மாப்ளே நெருப்பு மாதிரி இருக்கு'ன்னாரு. 'உனக்குத் தெரிஞ்சிருக்கு, இவ்வளவு நாளா வேணும்னே செய்யாம இருந்திருக்கே'ன்னாரு." அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. "நீன்னு சொன்னாரு. முதல் தடவையா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது. ஆமா மாமான்னேன். ஜெயிச்சுட்டாரு. ஏமாத்தி ஜெயிக்க வச்சதுக்கு நாளைக்குக் காலையில உண்மையைச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். திட்டட்டும், இன்னொரு சண்டை போட்டுக்கலாம்னு."

அறை சூடாகிக்கொண்டு வந்தது. அப்பாவின் போர்வை ஒரு பக்கம் சரிந்திருந்ததை இழுத்துச் சரிசெய்தாள். கை தானாகச் செய்தது. கண்ணாடிக்குள் நெருப்பு நீலமாக, அசையாமல், ஒழுங்காக எரிந்தது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமேயில்லை என்பது அவளுக்கு முதல் முறையாகத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்து மீட்டரைப் பார்த்தார். புகைக்குழாயிலும் அவன் அதைச் செருகிக் காட்டினான். சரி என்று கையெழுத்துப் போட்டார். போகும்போது அவன் தோளில் லேசாகத் தட்டிவிட்டு, நீங்கள் ஏதாவது வயிற்றுக்குப் போடுங்கள் என்றார். அண்ணன், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே, கேட்டேன் அவ்வளவுதானே என்றான். கேஸ் இல்லை, இதயம்தான் என்று அதே ஆட்களுக்கு மறுபடி போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பாவை எடுத்துப்போக வண்டி வந்தது. வாசல் குறுகல், நேராகப் பிடிப்பதா சாய்த்துப் பிடிப்பதா என்று அண்ணனுக்கும் வண்டிக்காரனுக்கும் வாக்குவாதம். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் பிடிக்காத பிஸ்கட்டை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களில் பாதிப் பேர் நல்ல சாவு என்றார்கள், மீதிப் பேர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவள் ஆமாம் என்றாள். அப்பாவை விட்டுவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் அண்ணன், வீட்டை என்ன செய்யலாம், அந்தப் பழைய பாய்லரை மாற்றிவிடலாமே என்று யோசனை சொல்லிக்கொண்டு வந்தான். அவள் கணவன் வண்டியின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அவள் பாத்திரங்களைக் கழுவி முடித்துத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணனைக் காணோம். சொல்லாமல் கிளம்பிவிட்டான்போலிருக்கிறது, அவன் வழக்கம் அதுதானே என்று நினைத்தபடி பின்னறைக்குப் போனாள். அண்ணன் அப்பாவின் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். கோட்டைக் கழற்றவில்லை. தலை ஒரு பக்கம் தொங்கி, வாய் திறந்து, போன் மடியில் கிடந்தது. சேறு ஒட்டிய ஷூவோடு இரண்டு காலையும் பாய்லரை நோக்கி நீட்டியிருந்தான்.

இத்தனை பெரிய வீட்டில் இவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுப்பிவிட வேண்டும் என்றுதான் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்றாள். கோட்டின் பொத்தான்களையே பார்த்தாள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

பக்கத்தில் கணவன் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று அவள் கவனிக்கவில்லை. அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் தொண்டையில் ஏதோ புரண்டது. பிறகு மரத்தை அறுப்பதுபோல ஒரு குறட்டை கிளம்பியது.

"ஷூவைக் கழட்டி விடு. கால் வீங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் கூடத்துக்குப் போனான்.

அவள் தரையில் உட்கார்ந்து அண்ணனின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கயிறு சேற்றில் நனைந்து காய்ந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள்.